கோட்டைக்குக் கோயில் முகப்பு

நேயர்களே, கற்பிட்டிக் கோட்டையின் வாயிலை உங்களிற் சிலர் பார்த்திருக்கக்கூடும். மதில்களெல்லாம் முருகைக் கல்லால் எழுந்தவை. வாயில் மட்டும் செங்கல்லில், முக்கோண முகடும் மணி தொங்கவிடும் மாடமும் கொண்டு, மாதா கோயிலொன்றின் முகப்பைப்போல நிற்கிறது. ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் கட்டி முடித்த கோட்டை அது. இன்று கடற்படையினரின் பொறுப்பில் இருக்கிறது.

இந்த முகப்புக்கு எங்கள் பகுதியில் ஒரு கதை சொல்வார்கள். கோட்டை கட்டுவதற்குக் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கன் இடங்கொடுக்க மாட்டான் என்று கண்ட ஒல்லாந்தர், தொழுவதற்குக் கோயிலொன்று கட்டிக்கொள்கிறோம் என்று சொல்லி அனுமதி பெற்றார்களாம். அரசனின் ஆட்கள் வந்து பார்த்தால் கண்ணிற் படுவது கோயிலாக இருக்கட்டும் என்றுதான் வாயிலை அப்படிக் கட்டினார்களாம். கதை உண்மையோ, முகப்பைப் பார்த்தபின் எவரோ இட்டுக் கட்டியதோ, அது ஒரு புறமிருக்கட்டும். அரசியலில் சமயம் என்ன வேலைக்கு வைக்கப்படுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த அரசறிவியல் நூலும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

உள்ளே இருந்தது என்ன? பாக்கு. ஆம், வெறும் பாக்குத்தான். மலைநாட்டுக் கமுகந் தோட்டங்களிலிருந்து தாவளங்களில் இறங்கிய பாக்கு, புத்தளம் களப்பு வழியாகத் தென்னிந்தியாவுக்குப் போனது. திரும்பி வரும் தோணிகளில் துணியும் அரிசியும் வந்தன. புத்தளம் கண்டியரசின் துறைமுகம். களப்பின் வாய் கற்பிட்டி. வாயை அடைத்துவிட்டால் அரசனின் கழுத்து கைக்குள் வந்துவிடும். போர்த்துக்கேயரை விரட்டுவதற்காக ஒல்லாந்தரை அழைத்தவன் அதே இராஜசிங்கன்தான். 1638இல் ஒப்பந்தம் எழுதி, இருபது ஆண்டு போரிட்டு, 1658இல் போர்த்துக்கேயர் போன பின்பு, படைச் செலவுக் கணக்குத் தீரவில்லை என்று சொல்லி ஒல்லாந்தர் கரையோரத்தைப் பிடித்தபடியே இருந்துவிட்டார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்று சிங்களத்தில் ஒரு பழமொழி வழங்குவது இதையிட்டுத்தான்.

இனி, அந்த ஒல்லாந்தர் சமயத்தை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்ப்போம். நாட்டைப் பிடித்த அதே 1658ஆம் ஆண்டிலேயே, கத்தோலிக்கக் குருமாருக்கு இடங்கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. நம் கரையோரத்துக் கடற்றொழிலாளர் பலர் போர்த்துக்கேயர் காலத்திலே ஞானஸ்நானம் பெற்றவர்கள். அவர்கள் செபமாலையை உருட்டினால் கல்வினியக் கம்பனிக்காரனுக்கு என்ன நட்டம்? இறையியல் நட்டம் எதுவுமில்லை. கத்தோலிக்கன் என்றால் போர்த்துக்கேயனுக்கு நல்லவன், போர்த்துக்கேயன் திரும்பி வந்தால் கதவைத் திறந்துவிடுவான் என்ற பயந்தான். ஒல்லாந்தர் இலங்கையை ஆண்டது ஓர் அரசின் பெயரால்கூட அன்று, கிழக்கிந்திய வர்த்தகக் கம்பனியொன்றின் பெயரால். வர்த்தகக் கம்பனிக்கு வேதம் எதற்கு? ஆளை அடையாளம் வைத்துப் பிரிப்பதற்கு.

பிரித்த முறை நுட்பமானது. வாளால் அன்று, பேரேட்டால். பாடசாலைத் தோம்பில் பெயர் பதிந்தால்தான் திருமணம் செல்லும். திருமணம் செல்லுபடியானால்தான் பிள்ளைக்கு முதுசொம் சேரும். உத்தியோகம் வேண்டுமானால் கம்பனியின் சமயத்தில் இருக்க வேண்டும். விளைவாக, காகிதத்திலே கிறிஸ்தவர்கள் இலட்சக்கணக்கில் பெருகினார்கள். ஆங்கிலேயர் வந்து அந்த நிபந்தனைகளைத் தளர்த்திய பின்பு, ஒரு தலைமுறை முடியுமுன்னே அந்தத் தொகையின் பெரும்பகுதி மழைக்காலத்து உப்பைப்போலக் கரைந்து போயிற்று. ஆனால் தண்டனைக்கு அஞ்சாமல் ஒளித்து வைத்திருந்த கத்தோலிக்கம் கரையவில்லை. 1806இல் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கருக்கு இருந்த தடைகளை நீக்கியபோது, நீர்கொழும்பிலிருந்து மன்னார்வரை அது அப்படியே இருந்தது. அரசு ஊட்டிய சமயம் அரசோடு போயிற்று, அரசு தடுத்த சமயம் நின்றது.

அது நின்றதற்கு ஒரு மனிதரும் காரணம். கோவாவிலிருந்து வந்த யோசப் வாஸ் அடிகளார். 1687இல் பிச்சைக்காரரைப்போல வேடமிட்டு யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே தேடுதல் கடுமையானதும் 1690இல் புத்தளத்துக்கு வந்தார். ஏன் புத்தளம்? அது ஒல்லாந்தர் கைக்கு எட்டாத, ஒரு பௌத்த அரசனின் மண். 1692இல் கண்டிக்குப் போன இடத்தில் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று பிடித்து அடைத்தார்கள். பின்பு இரண்டாம் விமலதர்மசூரியனே அவரை விடுவித்து, தன் நாட்டில் நடமாடவும் போதிக்கவும் விட்டான். 1711இல் கண்டியிலேயே அடிகளார் மறைந்தார். அவர் வழியில் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்ததை இலக்கிய நேயர்கள் அறிவீர்கள். துரத்தப்பட்ட ஒரு சமயந்தான் இக்கரையில் இரு மொழிக்கும் உரைநடை வளர்த்தது என்பது தனியே ஒரு பேச்சுக்கு உரிய பொருள்.

பௌத்த அரசனின் பெருந்தன்மையை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. அதற்கு முன்னரும் 1626இல் போர்த்துக்கேயர் கரையோரத்துச் சோனகரை வெளியேற்றியபோது, செனரத் மன்னன் அவர்களை ஏற்று ஒரு பகுதியினரை மட்டக்களப்புப் பக்கத்திலே குடியேற்றினான். வரலாற்றில் நன்றியோடு நினைக்கப்பட வேண்டிய செயல். ஆயினும் அரசன் கணக்கும் பார்த்திருப்பான். கரையோரத்து அதிகாரி எவரை வெறுக்கிறானோ அவர் தனக்கு உதவக்கூடியவர். சோனகரிடம் தாவளமும் தோணியும் இருந்தன. கத்தோலிக்கக் குருவானவர் ஒல்லாந்தனின் கண்ணில் விழுந்த தூசி. அருளும் அரசியலும் ஒரே பாயிற் படுத்திருந்த காலம் அது.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். கண்டியில் உபசம்பதா வழங்கத் தகுதியான பிக்குமார் இல்லாமற் போய், பௌத்த சங்கமே அறுந்துபோகும் நிலை வந்தது. 1697இல் அரக்கானிலிருந்தும், பின்பு 1753இல் சீயத்திலிருந்தும் பிக்குமார் அழைத்து வரப்பட்டார்கள். இன்று இலங்கையில் இருக்கும் சீயம் நிக்காயவின் வேர் அந்த 1753. அத்தூதுக்குழுவினர் எந்தக் கப்பலிற் போய் வந்தார்கள் தெரியுமா? ஒல்லாந்தரின் கப்பலில். ஒரு கையால் கத்தோலிக்கக் குருவைத் தேடிப் பிடிக்கும் அதே கல்வினியக் கம்பனி, மறு கையால் பௌத்த பிக்குவைக் கைலாகு கொடுத்துக் கப்பலேற்றியது. கண்டியரசனைக் குளிர்வித்தால் அவன் காட்டிலே கறுவா உரிக்கலாம். அவ்வளவுதான். சமயப் பகையும் சமய நட்பும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களாக இருந்தன.

அந்த 1753இல் கண்டியை ஆண்டவன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். மதுரை நாயக்கர் வழியினன், தமிழ் பேசிய குடும்பம், சைவப் பழக்கம். அந்நியன் என்ற முணுமுணுப்பு அவனைச் சுற்றி எப்போதும் இருந்தது. அவன் என்ன செய்தான்? பௌத்தத்துக்குப் பிறந்த அரசர்களைவிடக் கூடுதலாகப் பௌத்தத்துக்குச் செய்தான். விகாரைகளைப் புதுப்பித்தான். சங்கத்தை நிலைநிறுத்தினான். அதுவரை தெய்வங்களின் விழாவாக இருந்த கண்டிப் பெரஹராவில் தந்த தாதுவை முன்னே ஊர்வலம் வரச் செய்தவனும் அவனே. போர்த்துக்கேயர் இடித்துப்போட்ட நம் முன்னேசுவரத்தை மீளக் கட்டியவனும் அவன்தான். இவ்வளவும் செய்தும் 1760இல் அவனைக் கொல்லச் சதி நடந்தது. சதியில் அவனால் உயர்த்தப்பட்ட சங்கராஜரின் பெயரும் அடிபட்டது. அரசன் திருநீறு பூசுகிறான் என்பது ஒரு குற்றச்சாட்டு. அவனுக்குப் பதிலாகச் சீயத்து இளவரசன் ஒருவனை அரியணை ஏற்றுவது திட்டம். அரசன் தன் சிம்மாசனத்துக்குக் காலாகச் சமயத்தை வைத்தான், எதிரிகள் அதே காலைப் பிடித்து இழுத்தார்கள்.

ஏன் சமயம்? அரசியலுக்கு வேறு கருவி இல்லையா? இக்கேள்விக்கு மக்கள் மூடர்கள் என்றொரு விடை சிலரிடம் உண்டு. அது சோம்பேறித்தனமான விடை. நான் நோக்குமிடத்து, காரணம் பக்தியிலே இல்லை, அமைப்பிலே இருக்கிறது. ஓர் அரசியல்வாதி ஆயிரம் பேரைக் கூட்ட வேண்டுமானால் மேடை, ஒலிபெருக்கி, லொறி, சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் வேண்டும். கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் அவரைக் கேளாமலே அவர்களைக் கூட்டி வைத்திருக்கின்றன. நாள் குறித்தாயிற்று, மணி அடித்தாயிற்று, பாங்கு சொல்லியாயிற்று. யார் நம்மவர், யார் பிறத்தியார் என்பதும் முன்னமே வகுத்தாயிற்று. அத்தோடு, கூலியையோ விலையையோ பற்றி வாதாடினால் எதிராளி கணக்குக் கேட்பான். தெய்வத்தின் பெயரால் பேசினால் கணக்குக் கேட்பவன் துரோகி ஆகிவிடுவான்.

இதனால் சமயத்தைப் பிடிப்பவர் எல்லோரும் வஞ்சகர் என்றும் ஆகிவிடாது. ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில் அரசியற் கூட்டத்துக்குத் தடை வரலாம், பூசைக்கு வராது என்று கண்ட பாலகங்காதர திலகர், வீட்டுக்குள் நடந்த விநாயகர் பூசையை 1893இல் தெருவுக்குக் கொண்டுவந்தார். வெள்ளையனுக்கு எதிராக மக்கள் கூட ஓரிடம் கிடைத்தது. அந்த ஊர்வலமே பள்ளிவாசல்களைக் கடக்கையில் பின்னாளில் வேறு வில்லங்கங்களும் கிடைத்தன. ஈரானில் ஷா மன்னர் கட்சிகளை முடக்கினார், பத்திரிகைகளை அடக்கினார். பள்ளிவாசலைப் பூட்ட அவரால் முடியவில்லை. இறந்தோருக்கு நாற்பதாம் நாள் நினைவு கூட்டுவதை எந்தப் பொலிஸாலும் தடுக்க முடியவில்லை. 1978இல் ஒவ்வொரு நாற்பதாம் நாளும் ஓர் எதிர்ப்பு ஊர்வலமாகி 1979இல் ஆட்சியே போயிற்று. மற்றக் கதவுகளைச் சாத்திய ஆட்சி, சமயத்தின் கதவைத் தானே அகலத் திறந்துவிடுகிறது. அக்கதவால் உள்ளே வந்தவர்கள் பிறகு மற்றவருக்கு அதைச் சாத்தினார்கள் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.

மீண்டும் நம் நாட்டுக்கு வருவோம். 1815 மார்ச் 2ஆந் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதன் ஐந்தாம் பிரிவு பௌத்த சமயத்தையும் அதன் கிரியைகளையும் தலங்களையும் காப்பதாக ஆங்கிலேயர் சார்பில் உறுதி கூறியது. ஆங்கிலேயர் புத்தரிடம் சரணடைந்து கொடுத்த வாக்கல்ல. பிரதானிகளையும் பிக்குமாரையும் கைக்குள் வைக்காமல் மலைநாட்டைப் பிடித்து வைத்திருக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். பிறகு மிஷனரிமாரின் நெருக்கடியால் அரசு மெல்லமெல்லக் கையை எடுத்துக்கொண்டது. ஆனால் எழுதிக் கொடுத்த வாக்கியம் பெட்டிக்குள் உறங்கிக் கிடந்தது. நூறு ஆண்டுக்குப் பின் அது விழித்த கதைதான் 1915.

கம்பளையில் வலஹாகொட தேவாலயத்துப் பெரஹரா அம்பகமுவ வீதியாற் போகும். அவ்வீதியில் தென்னிந்தியாவிலிருந்து வந்த கரையோரச் சோனகர் பள்ளிவாசல் ஒன்றை எழுப்பியிருந்தார்கள். பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்த வேண்டுமா என்பது வழக்கு. மாவட்ட நீதிபதியாக இருந்தவர் வரலாற்றறிஞர் போல் ஈ. பீரிஸ். 1815 ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவைக் கொண்டு 1914 ஜூனில் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. மே மாதம் 28ஆந் திகதி வெசாக் இரவில் கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலின் முன்னே மோதல் வெடித்தது. ஒரு வாரத்துக்குள் மேற்கு, தெற்கு, சப்ரகமுவ என்று பரவிற்று. சூறையாடப்பட்ட கடைகள் 4,000க்கும் மேல்.

இவ்விலக்கத்தில் சற்று நிற்க வேண்டும். சமயப் பூசல் என்றால் பள்ளிவாசல்களோடு நின்றிருக்கும். பள்ளிவாசல்களும் எரிந்தன, உண்மை. ஆனால் கலகத்தின் பெரிய வேலை கடைகளில் நடந்தது. முதல் உலகப்போர் தொடங்கி ஓராண்டும் ஆகவில்லை. சாமான் விலை ஏறியிருந்தது. கிராமத்து மூலையிற் கடை வைத்திருந்தவர், கடன் கொடுத்தவர், விலை சொன்னவர் பெரும்பாலும் கரையோரச் சோனகர். அவர்களோடு போட்டியிட எழுந்த சிங்கள வர்த்தகரும் இருந்தார்கள். அநகாரிக தர்மபாலவின் எழுத்து அந்தக் கசப்புக்குப் பௌத்த மொழியைத் தந்திருந்தது. விலைக் கோபம் விலைக் கோபமாகவே தெருவில் இறங்கியிருந்தால், அது வெள்ளைத் துரையின் வாசலுக்கும் போயிருக்கும், சிங்கள முதலாளியின் வாசலுக்கும் போயிருக்கும். சமய முகப்பு வைத்ததால் அது போன வாசல் ஒன்றே ஒன்றாயிற்று.

தேசாதிபதி சாமர்ஸ் இராணுவச் சட்டம் போட்டார். விசாரணை என்ற பெயரில் நடந்த அநீதிகள் பல. இளைஞர் ஹென்றி பேத்ரிஸ் 1915 ஜூலை 7இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பிற்காலத்துத் தலைவர்கள் டி.எஸ். சேனாநாயக்க, டி.பி. ஜயதிலக்க முதலியோர் சிறையிருந்தார்கள். அவர்களுக்காகச் சட்டசபையிற் குரலெழுப்பி, போர்க்காலக் கடலில் இங்கிலாந்துவரை போய் வாதாடியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். சிங்களவர் அவரைக் கொண்டாடினார்கள். முஸ்லிம்கள் மனதில் அது ஆறாத புண்ணாயிற்று. கடை இழந்தவனுக்காகவும் அதே நா அதே வலுவோடு பேசியிருக்கலாமே என்ற கேள்வி இன்றைக்கும் கேட்கப்படுகிறது. கேட்பது நியாயம் என்பது என் எண்ணம். இராணுவச் சட்டத்தைக் கண்டித்ததும் நியாயமே.

அப்புண்ணுக்கு முந்திய வரலாறொன்றும் உண்டு. 1888இல் இராமநாதன் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் சோனகரின் இனவியல் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அவர்கள் மொழியாலும் வழக்கத்தாலும் தமிழரே, சமயத்தால் மட்டும் இஸ்லாமியர் என்பது அதன் சாரம். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுப்பு நூல் வெளியிட்டு, தம்மவர் அரபு வழியினர் என்று நிறுவ முயன்றார். இரு பக்கத்திலும் புலமை இருந்தது. ஆனால் புலமைக்குப் பின்னால் ஒரு நாற்காலியும் இருந்தது. சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டுமா, தமிழ்ப் பிரதிநிதியே போதுமா என்பது அப்போதைய பிரச்சினை. 1889இல் தனி ஆசனம் கிடைத்தது. எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமனமானார். ஆங்கிலேயரின் சட்டசபையில் ஆசனம் இனத்துக்குத்தான் கொடுக்கப்படும். ஆகவே சமயத்தை இனமாக்கிக் காட்ட வேண்டிய நிர்ப்பந்தம் ஒரு பக்கம், ஆகாதென்று காட்ட வேண்டிய தேவை மறுபக்கம். வீட்டிலே தமிழ் பேசி, தமிழிலே தாலாட்டுப் பாடி, தமிழிலே காவியம் செய்த சமூகமொன்று தமிழரா இல்லையா என்ற வாதம், நூறாண்டுக்கு மேலாகியும் முடியவில்லை.

1956ஐ நான் விரைவாகவே கடந்து போகிறேன், அது எல்லோரும் எழுதிய கதை. புத்த ஜயந்தி ஆண்டு, பிக்குமார் ஊரூராகச் சென்ற தேர்தல், பண்டாரநாயக்கவின் வெற்றி. 1957இல் செல்வநாயகத்தோடு அவர் செய்த ஒப்பந்தத்துக்கு எதிராகக் கண்டித் தலதா மாளிகைக்குப் பாதயாத்திரை புறப்பட்டவர் ஜே.ஆர். ஜயவர்தன. இருவருமே அங்கிலிக்கன் குடும்பத்திற் பிறந்தவர்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 1958 ஏப்ரல் 9இல் பிக்குமார் பிரதமரின் ரொஸ்மீட் பிளேஸ் வீட்டு வாசலில் அமர்ந்தார்கள், ஒப்பந்தம் கிழிந்தது. 1959 செப்டெம்பரில் பிக்கு ஒருவரின் துப்பாக்கி அதே வீட்டில் அவரைச் சுட்டது. சூத்திரதாரி என்று தண்டிக்கப்பட்டவர் 1956 வெற்றிக்குப் பெரிதும் உழைத்த களனி விகாரை புத்தரக்கித தேரர். வழக்கிலே பேசப்பட்டவை நிர்வாணமோ தர்மமோ அல்ல, கைகூடாத வியாபார ஒப்பந்தங்கள். பிறகு 1972 அரசியல் யாப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கியது, சிறுபான்மையோருக்குப் பாதுகாப்பாகச் சோல்பரி யாப்பிலிருந்த 29ஆம் பிரிவு மறைந்தது. 1978 யாப்பின் 9ஆம் உறுப்புரையும் அதே வழிதான்.

இனி எங்கள் கரையோரம். மாம்புரியிலிருந்து கற்பிட்டி வீதியால் வடக்கே போனால் நுரைச்சோலையும் ஆலங்குடாவும் தலவிலவும் வருகின்றன. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. தலவில அன்னம்மாள் கோயிலின் மார்ச், ஓகஸ்ட் திருவிழாக்களுக்கு வருவோரில் கத்தோலிக்கர் மட்டும் இல்லை. நேர்த்திக்கடனுக்குப் பெயர்ப் பதிவேடு கிடையாது. சமயம் மக்கள் கையில் இருக்கும்போது அதன் எல்லைகள் களப்பின் எல்லைகளைப் போன்றவை, மழைக்கு ஏறும், வெயிலுக்கு இறங்கும். அரசியல்வாதிக்கோ வேலி தேவை.

1976 பெப்ரவரியில் புத்தளம் பள்ளிவாசலுக்குள் பொலிஸார் சுட்டதில் ஏழு பேர் மாண்டார்கள். ஊர் பதறியபோது மக்கள் கூடிய இடம் அது. சமய இடமென்று அடைக்கலம் புகுந்தவர்களுக்கு அதே இடம் பொறியாயிற்று.

பின்பு 1990 ஒக்டோபர். வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அக்டோபர் 30ஆந் திகதி கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். மொத்தம் சுமார் 75,000 பேர். மன்னார்த் தீவிலிருந்து தோணிகளில் வந்தவர்கள் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். ஆலங்குடா, தில்லையடி, கரம்பை என்று ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தென்னந்தோட்டங்களும் அவர்களுக்குத் திறந்தன. அதற்கு மூன்று மாதத்துக்கு முன், ஓகஸ்ட் 3இல், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்தார்கள்.

இந்நிகழ்ச்சி எனக்கு ஒரு விதத்தில் மற்றெல்லாவற்றிலும் முக்கியமானது. விடுதலைப் புலிகள் தம்மைச் சமய இயக்கமாக எக்காலத்திலும் சொல்லிக்கொண்டதில்லை. மொழியும் மண்ணுமே அவர்கள் உயர்த்திய கொடி. அம்மொழியை வெளியேற்றப்பட்டவர்களும் பேசினார்கள். அகப்பையும் அம்மியும் உரலும் அதே பெயரால் அழைக்கப்பட்ட வீடுகள்தான் இரண்டு மணி நேரத்தில் வெறுமையாயின. ஆளைப் பிரிக்க வேண்டி வந்தபோது கையில் எடுத்த அளவுகோல் சமயம். கடவுளைப் பற்றிய அக்கறையே இல்லாதவர் கையிலும் அது அவ்வளவு கச்சிதமாக வேலை செய்தது. ஒல்லாந்தக் கம்பனியின் தோம்பு எழுதிய கைக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. இப்படிச் சொல்வது தமிழ் வாசகர் சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும். பிறர் செய்ததை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதற்கு வரலாறு தேவையில்லை, வசைக்கவி போதும்.

வந்தவர்களின் கதையும் அத்தோடு முடியவில்லை. அகதி என்றால் வாக்கும் கூடவே வருகிறது. பதிவு இங்கா அங்கா, வாக்கு இங்கா அங்கா என்று தேர்தலுக்குத் தேர்தல் இழுபறி. முகாமுக்கு வந்த தண்ணீரும் கூரைத் தகடும் எந்தக் கட்சியின் பெயரால் வந்தன என்பதை அங்கு வளர்ந்த பிள்ளைகள் சொல்வார்கள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் 250க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். கட்டுவாப்பிட்டியில் இறந்தவர்களுக்கு இக்கரையோரத்திலும் உறவினர் உண்டு. குண்டு வைத்தவர்கள் தங்கள் சமயத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டார்கள். மூன்று வாரம் கழித்து, மே 13இல், நம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் தன் தச்சுப் பட்டறையில் இருந்த ஒருவர் கும்பலால் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்கும் குண்டுக்கும் என்ன தொடர்பு? பெயர் மட்டும். அவ்வாண்டு நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. அச்சம் ஒரு வாக்குறுதியைவிடப் பெறுமதியான தேர்தற் சரக்கு என்பதை மேடைகள் காட்டின.

அடுத்த ஆண்டு கொவிட். நோயால் இறந்தவர்களைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே கூறியிருந்தது. ஏப்ரலில் இலங்கை அரசு வர்த்தமானியில் தகனம் கட்டாயம் என்றது. நிலத்தடி நீர் மாசுபடும் என்பது சொல்லப்பட்ட காரணம். கற்பிட்டியில் பாதிரியார் வேடமிட்டு நின்ற கோட்டையைப் பார்த்தோம். இங்கே நடந்தது தலைகீழ், ஒரு சமயத்தவரைக் குறிவைத்த அரசியல் விஞ்ஞானியின் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டது. அந்த டிசெம்பரில் பிறந்து இருபது நாளான முஸ்லிம் குழந்தையொன்றும் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்து வேலியில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். கபன் துணியின் நினைவாக. கட்டியவர்களில் பௌத்தரும் கிறிஸ்தவரும் இருந்தார்கள். இரவோடிரவாக எவரோ அவற்றை அவிழ்த்துவிட்டார்கள். மறுநாள் வேறு ஊர்களிலும் கட்டினார்கள்.

2021 பெப்ரவரி இறுதியில் வர்த்தமானி மாற்றப்பட்டது. மார்ச்சிலிருந்து ஓட்டமாவடி மஜ்மா நகரில் மட்டும் அடக்கம் செய்ய அனுமதித்தார்கள். புத்தளத்திலிருந்து இறந்தவரைக் கொண்டுபோவதானால் தீவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக்குப் போக வேண்டும். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோருவதாக முடிவெடுத்தது. மஜ்மா நகரில் அடக்கமானவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்லர். கத்தோலிக்கரும் இந்துக்களும் பௌத்தருங்கூட அங்கே பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் இருக்கிறார்கள்.